வெந்தயம் மணக்கும் ஒயின்: ஜூராவில் ஒரு மதியம்

முதலில் டாக்சி பஞ்சாயத்து. அதைச் சொல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது. பிரான்ஸின் ஜூரா பகுதியில் இருக்கும் ஆர்புவா ரயில் நிலையத்திலிருந்து, நான் ஒயின் ருசிக்கப் போன பூபிலான் கிராமம் கூப்பிடு தூரம் இல்லைதான், ஆனால் 30 யூரோ கேட்கிற தூரமும் இல்லை. எங்கிருந்தோ காலியாக வந்ததையும் மீட்டரில் சேர்த்துவிட்டார் அந்த ஆள். கேட்டதற்குத் தோளைக் குலுக்கியதோடு சரி. திரும்பும்போது திராட்சைத் தோட்டங்கள் வழியாக இறக்கத்தில் நடந்தே வந்தேன், சுகமாக இருந்தது. நீங்கள் போகும்போதும் நடந்துவிடுங்கள். மிச்சமாகும் காசில் ஒரு நல்ல சிவப்பு ஒயின் வரும்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பாரிஸிலிருந்து டிஜோனுக்கு அதிவேக ரயில், அங்கிருந்து உள்ளூர் ரயில். மீதியை அப்புறம் பார்ப்போம், அந்த ஒயினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பிரான்ஸின் பர்கண்டி பகுதிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற பகுதி ஜூரா. 19ஆம் நூற்றாண்டில் சுமார் 20,000 ஹெக்டேரில் திராட்சை இருந்ததாம். ஃபைலாக்செரா பூச்சி வந்து கொடிகளின் வேரைத் தின்ற பிறகு தலையெடுக்கவே இல்லை. இன்று அதில் பத்தில் ஒரு பங்குதான். பேர்போன ஒயின் பகுதியான போர்தோ மாதிரிக் கோட்டையும் பகட்டும் இங்கே கிடையாது. பூபிலானில் நான் போனது ஒரு குடும்பத் தோட்டம். வீட்டுக்காரம்மாவே ரப்பர் பூட்ஸோடு வந்து நிலவறைக்குக் கூட்டிப் போனார். ருசி பார்க்கக் காசு வாங்கவில்லை. இதற்காகவே அந்த ஊருக்கு ஒரு கும்பிடு.

இங்கே சிவப்பை முதலில் ஊற்றுகிறார்கள், வெள்ளையை அப்புறம். பூல்சார் என்ற திராட்சையில் செய்த சிவப்பு அவ்வளவு வெளிறியது, கிளாஸுக்கு அந்தப் பக்கம் விரல் தெரிகிறது. புகை போட்ட மோர்தோ பன்றி சாசேஜோடு கொடுத்தார்கள், நன்றாகவே சேர்ந்தது. ட்ரூஸோ என்ற இன்னொரு திராட்சையின் சிவப்பு கொஞ்சம் கனம். அதன் பிறகு வந்த ஷார்தொனே என்ற வெள்ளை ஒயின் பரவாயில்லை, அதற்காக ஜூரா வரை வர வேண்டியதில்லை.

கடைசியில்தான் வான் ஜோன். சவான்யான் என்ற வெள்ளைத் திராட்சையில் மட்டும் செய்கிற மஞ்சள் ஒயின். மற்ற ஊர்களில் பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய ஊற்றி நிரப்புவார்கள். இங்கே நிரப்பாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். காலி இடத்தில் ஈஸ்ட் பெருகி, காய்ச்சிய பாலில் ஆடை படர்வது போல ஒயின் மேல் படர்ந்துவிடும். அந்த ஆடை இருப்பதால்தான் காற்று பட்டும் ஒயின் வினிகராகப் போவதில்லை. அறுவடைக்குப் பிறகு ஆறாவது வருட டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் 62 சென்டிலிட்டர்தான் மிஞ்சும் என்பது கணக்கு. பாட்டிலும் அதே 62 சென்டிலிட்டர் அளவில் குட்டையாக இருக்கிறது, பெயர் க்ளாவ்லான்.

மூக்கருகே கொண்டுபோனதும் தூக்கிவாரிப் போட்டது. வறுத்த வெந்தயம்! அக்ரூட், கொஞ்சம் கறி மசாலா வாசனையும் உண்டு. மனப்பிரமை என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, சோட்டோலோன் என்ற பொருள்தான் காரணம், வெந்தயத்திலும் இருப்பது அதுவே என்றார். வாயில் வைத்தால் துளியும் இனிப்பில்லை, புளிப்பு சுருக்கென்று ஏறுகிறது. முதல் வாய் பலருக்குப் பிடிக்காது. இந்தப் பகுதியின் கோம்தே சீஸை, அதிலும் நன்றாகப் பழுத்ததை, ஒரு துண்டு கடித்துவிட்டு அடுத்த வாய் குடியுங்கள், பிறகு பேசலாம்.

மதியம் ஆர்புவாவில் ஒரு சிறிய உணவகம். வான் ஜோனும் கிரீமும் ஊற்றி, மோரீல் காளான் போட்டு வேகவைத்த கோழி. 28 யூரோ என்று பார்த்ததும் மனசு கணக்குப் போட்டது, இரவுச் சாப்பாட்டை ரொட்டியும் சீஸுமாக முடித்துக்கொள்ளலாம் என்று சமாதானமாகிவிட்டேன். தேன்கூடு மாதிரித் துளை துளையாக இருக்கும் அந்தக் காளான் சாற்றையெல்லாம் உறிஞ்சி வைத்திருந்தது. தட்டை ரொட்டியால் வழித்தேன், பக்கத்து மேசையிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இந்தியக் கறியோடும் இதைக் குடிக்கலாம் என்று பிரெஞ்சுக்காரர்களே சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் புளிக்குழம்பு பக்கம் கொண்டுபோகாதீர்கள், புளிப்பும் புளிப்பும் அடித்துக்கொள்ளும். தேங்காய்ப்பால் ஊற்றிய கோழிக் குருமாவுக்குத்தான் இது பொருந்தும்.

ஆர்புவா, விஞ்ஞானி லூயி பாஸ்டர் வளர்ந்த ஊர் என்று வீட்டிலிருந்தே படித்துவிட்டுப் போயிருந்தேன். அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். சாப்பாடு முடிந்து அங்கே போக நேரமில்லை, வருத்தமும் இல்லை.

தோட்டத்தில் ஒரு க்ளாவ்லான் 42 யூரோ. யோசித்து யோசித்து ஒன்றே ஒன்று வாங்கினேன். திறந்த பிறகும் வாரக்கணக்கில் கெடாது, அதனால் தனியாகக் குடிப்பவருக்கும் நஷ்டமில்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஜில்லென்று ஊற்றாதீர்கள், வாசனை செத்துவிடும். பிப்ரவரி ஆரம்பத்தில் புது வான் ஜோன் பீப்பாயைத் திறக்கும் திருவிழா நடக்கும், வருடத்துக்கு ஒரு ஊரில். அந்த வாரம் மட்டும் அறை வாடகையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.