விசிறிக்கு யார் எஜமான்?

தூசி தட்டிய பிறகும் கணினி விசிறியின் இரைச்சல் அடங்கவில்லை என்றால், அதற்கு யார் உத்தரவு போடுகிறார் என்றுதான் நான் முதலில் தேடுவேன். சர்வர் பராமரிப்பு வேலை கற்றுக்கொடுத்த வழக்கம் அது.

மனதில் நிற்பது என்னவோ இரைச்சலே இல்லாத ஒரு கணினி. சிபியூ 90 டிகிரியைத் தாண்டித் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. விசிறி சாவகாசமாகச் சுற்றியது. லினக்ஸில் வெப்பநிலையைக் காட்டும் 'சென்சார்ஸ்' கட்டளை அதைச் சரியாகவே காட்டியது. ஆனால் விசிறியை இயக்கியது, முன்பு வேலை பார்த்த யாரோ எழுதிவைத்த ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல். அதில் சிபியூ வெப்பத்துக்கான பாதை 'ஹெச்டபிள்யூமான்2' என்று எண்ணோடு இருந்தது. ஹெச்டபிள்யூமான் என்பது வெப்பம், விசிறி போன்றவற்றைக் கவனிக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் லினக்ஸ் வைக்கும் கோப்புறை. அந்த எண் நிலையானதல்ல. டிரைவர்கள் ஏறும் வரிசைப்படி லினக்ஸின் மையமான கெர்னல் கொடுப்பது. 2020 ஜனவரியில் வந்த 5.5 கெர்னல் முதல் என்விஎம்இ வகைச் சேமிப்பு வட்டின் வெப்பமும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. கெர்னலைப் புதுப்பித்ததும் சிபியூவின் எண்ணில் வட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. வட்டு 40 டிகிரியில் இருந்ததால் ஸ்கிரிப்டுக்கு ஒரு கவலையும் இல்லை!

ஒவ்வொரு ஹெச்டபிள்யூமான் கோப்புறையிலும் 'நேம்' என்ற கோப்பு உண்டு. இன்டெல் சிபியூ என்றால் 'கோர்டெம்ப்', ஏஎம்டி என்றால் 'கே10டெம்ப்'. பெயரை வைத்துத் தேடும்படி மாற்றினோம், சரியாகிவிட்டது. விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃபேன்கன்ட்ரோல் என்ற நிரல் இதில் கறார்: அமைப்புக் கோப்பில் உள்ள பெயரும் பாதையும் பொருந்தாவிட்டால் ஓடவே மறுத்துவிடும். பலர் அதைத் திட்டுவார்கள். தவறான சிப்பில் எழுதுவதைவிட மறுப்பதே மேல் என்பேன்.

இன்னொரு தலைவலி, விசிறி வேகத்துக்கான பிடபிள்யூஎம் கோப்பில் 0 முதல் 255 வரை எதை எழுதினாலும் சில சமயம் வேகம் மாறாது. பக்கத்திலேயே உள்ள 'எனேபிள்' கோப்பைப் பார்க்க வேண்டும். அதில் 1 இருந்தால்தான் கட்டுப்பாடு நம் கையில். 2 அல்லது அதற்கு மேல் என்றால் சிப் தானாகவே முடிவெடுக்கும். கணினி தூங்கி எழுந்ததும் இந்த மதிப்பு சில போர்டுகளில் பழையபடி மாறிவிடும். 3 முனை விசிறியைப் பிடபிள்யூஎம் முறையில் (மின் துடிப்புகளால் வேகத்தை மாற்றுவது) விட்டிருந்தால் அது எப்போதும் முழு வேகம்தான். போர்டின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸில் டிசி முறைக்கு (மின்னழுத்தத்தால் வேகத்தை மாற்றுவது) மாற்ற வேண்டும்.

பயாஸிலேயே வெப்பத்துக்கேற்ற வேகத்தை அமைக்க முடிந்தால் நான் ஸ்கிரிப்ட் பக்கமே போவதில்லை. ஸ்கிரிப்ட் நடுவில் செத்துப்போனால் கடைசியாக எழுதிய வேகம் அப்படியே நிற்கும், சிபியூ எவ்வளவு கொதித்தாலும்.