எந்த ஃபாப்ரிசியஸ்?

நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம் நான் மூன்று மனிதர்களை ஒரே ஆளாக்கிவிட்டேன். மூவரும் பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர்கள், மூவருக்கும் ஃபாப்ரிசியஸ் என்று பெயர். 11 வருஷம் ஆகிவிட்டது, இன்றைக்கும் புதிதாக ஒரு பெயரைப் பதியும்போது அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது.

கேட்டலாகிங் வேலை என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். புத்தகத்துக்கு எண் போட்டு அலமாரியில் வைப்பது அதில் சின்னப் பகுதி. பெரிய பகுதி பெயர்களோடு மல்லுக்கட்டுவது. ஒரே ஆசிரியர் நாலு விதமான எழுத்துக்கூட்டலில் வருவார், அவரை ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவர வேண்டும். ஒரே பெயரில் நாலு ஆசிரியர்கள் வருவார்கள், அவர்களைத் தனித்தனியாக நிறுத்த வேண்டும். இந்தப் பெயர்களைச் சேர்த்து வைத்திருக்கும் பட்டியலை அத்தாரிட்டி ஃபைல் என்போம். அதில் இரண்டு பெயரை ஒன்றாக இணைத்துவிட்டால், அந்தப் பெயர்களோடு கட்டியிருக்கும் எல்லாப் புத்தகங்களும் ஒரே ஆள் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். இணைக்க ஒரு நிமிஷம் போதும், பிரிக்க ஒவ்வொரு புத்தகமாகத் திரும்ப எடுக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் வீட்டிலிருந்து அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக நன்கொடைப் புத்தகங்கள் வந்துகொண்டிருந்த சமயம் அது. ஒரு பெட்டியில் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்-ஆங்கில அகராதி, 1972ஆம் ஆண்டின் நாலாம் பதிப்பு, ஆசிரியர் ஃபாப்ரிசியஸ். இன்னொரு பெட்டியில் பூச்சியியல் வரலாறு பற்றி ஒரு தொகுப்பு, அதில் பக்கத்துக்குப் பக்கம் ஃபாப்ரிசியஸ், பக்கத்திலேயே 'தரங்கம்பாடியிலிருந்து வந்த பூச்சிகள்' என்ற குறிப்பும். சந்தேகத்தோடு ஒரு வாழ்க்கைக் குறிப்பு நூலைப் புரட்டினேன். அங்கே ஒரு ஃபாப்ரிசியஸ்: டென்மார்க் மிஷனரி, அகராதி தொகுத்தவர், புதிய ஏற்பாட்டை அந்த ஊர் மொழியில் பெயர்த்தவர், விலங்குகளைப் பற்றியும் நூல் எழுதியவர். எல்லாம் பொருந்துகிறதே என்று நினைத்தேன். தரங்கம்பாடி அந்தக் காலத்தில் டென்மார்க்காரர்கள் ஊர், நம்மவர் மிஷனரி, அகராதியும் போட்டார், பைபிளும் பெயர்த்தார், அப்புறம் பூச்சியும் பார்த்திருப்பார். எல்லாத் தலைப்பையும் இணைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெரியவர் வந்தார். லுத்தரன் சபைக்காரர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கையில் கோடு போட்ட நோட்டு. 'பப்ரிசியுஸ் ஐயர்' (பாதிரியாரை ஐயர் என்பது அவர்கள் வழக்கம்) எழுதியது என்னவெல்லாம் இருக்கிறது என்று கணினியில் தேடிப் பார்த்து ஒவ்வொரு தலைப்பாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். போகும்போது என் மேசைக்கு வந்து, "தம்பி, ஐயர் பாட்டு எழுதினார், பைபிள் பெயர்த்தார், தெரியும். பூச்சி பத்தியும் எழுதியிருக்காருன்னு எங்களுக்கு யாருமே சொல்லலையே. ஞாயித்துக்கிழமை சபையில சொல்லணும்" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானும் சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் எங்கள் தலைமை நூலகரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் மூன்று புத்தகங்களையும் எடுத்து வந்தார். "பேரைக் கடைசியில பாருங்க தம்பி. எப்பப் பொறந்தார், எப்பச் செத்தார், எந்த ஊர்ல உக்காந்து என்ன எழுதினார், அதை முதல்ல பாருங்க" என்றார். திட்டவில்லை. அந்த மூன்று புத்தகத்தையும் நானே படித்துப் பிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

படிக்கப் படிக்கத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நம்முடைய யோஹான் பிலிப் ஃபாப்ரிசியஸ் 1711இல் ஜெர்மனியில் பிறந்தவர். டென்மார்க்காரரே இல்லை. 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742இல் சென்னைக்கு மாறி, வேப்பேரியில் வாழ்நாளைக் கழித்தவர். 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து கொண்டுவந்த அச்சு இயந்திரம் வேப்பேரிக்கு வந்து சேர்ந்தது, அதில்தான் 1779இல் அவருடைய அகராதி அச்சானது. அப்போது ஐரோப்பியர்கள் தமிழை 'மலபார்' மொழி என்றுதான் சொல்வார்கள், அகராதியின் தலைப்பிலும் அந்தச் சொல் இருக்கும். கடைசிக் காலத்தில் பணக் கொடுக்கல் வாங்கலில் மாட்டிக் கடனுக்காகச் சிறையிலும் இருந்துவிட்டு 1791இல் சென்னையிலேயே இறந்தார். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. அவர் பூச்சி பிடித்ததாக எங்கேயும் இல்லை.

பூச்சிக்காரர் யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ், 1745இல் டென்மார்க்கின் டோண்டர் என்ற ஊரில் பிறந்தவர். ஸ்வீடன் போய், உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸிடம் நேரடியாகப் படித்தவர். லின்னேயஸ் பூச்சிகளை இறக்கையை வைத்துப் பிரித்தார், இவர் வாயுறுப்புகளை வைத்துப் பிரித்தார். கிட்டத்தட்ட 10,000 பூச்சிகளுக்குப் பெயர் வைத்துவிட்டு 1808இல் இறந்தார். இந்தியாவுக்கு இவர் வந்ததே இல்லை. தரங்கம்பாடியில் இருந்த கோனிக் என்ற மருத்துவர், அவரும் லின்னேயஸின் மாணவர்தான், அவரைப் போன்றவர்கள் பிடித்து அனுப்பிய பூச்சிகள் கடல் தாண்டி அங்கே போயின. நம் ஊர் பருத்தி வயலில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்குமே ஒரு சிவப்புப் பூச்சி, அதன் அறிவியல் பெயரில் 'கோனிகி' என்று இருக்கும், பின்னால் ஃபாப்ரிசியஸ், 1775 என்று இருக்கும். நிலக்கடலை, ஆமணக்கு இலையெல்லாம் தின்கிற புரொடீனியா புழுவுக்கும் பெயர் வைத்தவர் இவரே, அதே 1775இல். வேளாண்மைப் புத்தகங்களில் பெயருக்குப் பின்னால் 'ஃபாப்.' என்று வருவது இவர்தான். அது அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் வைத்த பேரினத்திலிருந்து அந்த உயிரைப் பிற்பாடு வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். அதுவும் அந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

வாழ்க்கைக் குறிப்பு நூலில் நான் பார்த்தவரோ மூன்றாவது ஆள். ஓட்டோ ஃபாப்ரிசியஸ், 1744 முதல் 1822 வரை. இவர் மிஷனரியாகப் போனது கிரீன்லாந்துக்கு. 1768இலிருந்து 1773 வரை அங்கே இருந்தார், 1780இல் கிரீன்லாந்து விலங்குகளைப் பற்றி நூல் எழுதினார், கிரீன்லாந்து மொழிக்கு இலக்கணமும் அகராதியும் செய்தார், புதிய ஏற்பாட்டை அந்த மொழியில் பெயர்த்தார். வேப்பேரி வெயிலில் ஒருவர் தமிழில் செய்த வேலையைத்தான் பனிப் பிரதேசத்தில் இவர் வேறு ஒரு மொழிக்குச் செய்திருக்கிறார். இரண்டு பேரையும் ஒன்றாக்கியதில், ஆர்க்டிக் குளிரில் ஐந்து வருஷம் இருந்த மனிதரை நான் அப்படியே அழித்திருந்தேன். அது எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது. ஒருவர் வாழ்நாள் முழுக்கச் செய்ததை இன்னொருவர் கணக்கில் எழுதினால், இருவருக்குமே அநியாயம்தானே.

37 பதிவுகள். ஒவ்வொரு புத்தகத்தையும் அலமாரியிலிருந்து எடுத்து, முகப்புப் பக்கத்தையும் முன்னுரையையும் படித்து, யாருடையது என்று பார்த்துத் திரும்பக் கட்டினேன். பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் போட்டேன். ஒன்பது நாள் ஆனது.

அந்த ஒன்பது நாளில் இன்னும் எத்தனை ஃபாப்ரிசியஸ் வந்தார்கள் என்கிறீர்கள்! கோழி நோய்களைப் பற்றிய புத்தகம் ஒன்றில் 'ஃபாப்ரிசியஸ் பை' என்று இருந்தது. பறவைகளின் மலவாய்க்கு அருகில் இருக்கும் சின்னப் பை அது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர்கள் கம்போரோ என்று பயப்படுகிற நோய் தாக்குவது அந்தப் பையைத்தான். அதைக் கண்டு எழுதியவர் இத்தாலிக்காரர், பதுவா பல்கலைக்கழகத்தின் ஹிரோனிமஸ் ஃபாப்ரிசியஸ், 1619இல் இறந்தவர். சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகளைப் பற்றி 1603இல் எழுதியவரும் அவர்தான். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி அந்த வால்வுகளையே ஒரு சான்றாக வைத்து, ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628இல் காட்டினார். அந்தப் பை எதற்கு இருக்கிறது என்பது 1956இல்தான் தெரிந்தது, நோய் எதிர்ப்பில் பேசப்படும் 'பி செல்' என்ற பெயரில் உள்ள 'பி' இந்தப் பையின் லத்தீன் பெயரான 'புர்சா'விலிருந்து வந்ததுதான்.

அப்புறம் ஒரு அப்பாவும் மகனும். தாவீது ஃபாப்ரிசியஸ் வட ஜெர்மனியில் ஒரு சிற்றூர்ப் பாதிரியார். 1596இல் ஒரு நட்சத்திரம் பிரகாசமாகி மங்குவதைக் கவனித்தவர், இன்று அதை மீரா என்கிறார்கள். மகன் யோஹான்னஸ் ஹாலந்தில் படித்துவிட்டு ஒரு தொலைநோக்கியைக் கையோடு கொண்டுவந்தார். இருவரும் 1611இல் சூரியனில் கரும்புள்ளிகளைப் பார்த்தார்கள், கண் எரிய எரிய. பிறகு இருட்டறையில் துளை வழியாக வெளிச்சத்தை விழவைத்துப் பார்த்தார்கள். அந்த வருஷமே மகன் அதை நூலாக அச்சிட்டார், கரும்புள்ளிகளைப் பற்றி அச்சில் வந்த முதல் நூல் அது. ஆனால் கரும்புள்ளியை முதலில் கண்டது யார் என்ற சண்டையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் கலிலியோ. மகன் முப்பது வயதைக்கூடத் தொடவில்லை. அப்பா 1617இல் பிரசங்கத்தில் ஒரு வாத்துத் திருடனைக் கண்டித்துப் பேச, அவன் மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டான். கேட்டலாக் அட்டையில் இதற்கெல்லாம் இடம் இல்லை, 1564-1617 என்று போட்டுவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தாக வேண்டும்.

எப்படி ஒரே பெயரில் இத்தனை பேர்? இதற்குப் பதில் தெரிந்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் வந்தது. லத்தீனில் 'ஃபாபர்' என்றால் கொல்லன், கைவினைஞன். ரோமில் ஃபாப்ரிசியஸ் என்று பழைய குடும்பமே உண்டு, பிர்ரஸ் மன்னர் நீட்டிய பொன்னை வேண்டாம் என்ற கன்சல் அந்தக் குடும்பத்துக்காரர். பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் படித்தவர்கள் தங்கள் குடும்பப் பெயரை லத்தீனாக்கிக்கொள்வது வழக்கமானது. அங்கே கொல்லன் என்று பொருள்படும் ஷ்மிட் போன்ற பெயர்கள் தெருவுக்குப் பத்து. 1516இல் பிறந்த கவிஞர் கேயோர்க் ஃபாப்ரிசியஸின் வீட்டுப் பெயர் கோல்ட்ஷ்மிட், அதாவது பொற்கொல்லர். அறுவை மருத்துவர் ஃபாப்ரிசியஸ் ஹில்டானுஸின் வீட்டுப் பெயர் ஃபாப்ரி. இவர்கள் ஒரே குடும்பம் இல்லை, ஒரே ஊர் இல்லை. படித்தவன் என்று காட்ட எல்லோரும் ஒரே சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டதுதான்.

நமக்கு இது புதிதா என்ன. சங்கப் பாட்டுப் பாடிய ஔவையாரும் ஆத்திசூடி பாடிய ஔவையாரும் ஒருவர் இல்லை என்று புரியவைக்க அறிஞர்கள் எத்தனை பக்கம் எழுத வேண்டியிருந்தது. எங்கள் நூலகத்தில் இன்றைக்கும் 'ரா. சுப்பிரமணியன்' என்று ஏழு பேர் இருக்கிறார்கள், இன்ஷியல் மட்டும் போட்டுப் பிறந்த வருஷம் போடாத பதிப்பாளர்களால் அதில் இரண்டு பேரை நான் இன்னும் பிரிக்கவில்லை. தெரியாத இடத்தில் இணைக்காமல் விடுவது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட பழக்கம் அது.

ஹில்டானுஸ் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒருவர் கண்ணில் புகுந்த இரும்புத் துகளைக் காந்தம் வைத்து எடுத்தது அவர் மனைவி மாரி கொலினே, அவரும் மருத்துவம் தெரிந்தவர். அது தன் மனைவியின் யோசனை என்று கணவரே எழுதிவைத்திருக்கிறார். அப்படியும் பலர் கணவர் பெயரையே போட்டார்கள். நான் கொலினேவுக்குத் தனித் தலைப்பு போட்டேன். அவர் எழுதிய புத்தகம் எதுவும் எங்களிடம் இல்லை, அவரைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கும் தொகுப்பு மட்டும் இருக்கிறது. அதற்காகவாவது பெயர் இருக்கட்டும் என்று தோன்றியது.

பெரியவர் அடுத்த மாதம் திரும்ப வந்தார். அவரைப் பார்த்ததுமே எழுந்துபோய், "ஐயா, நான் தப்பாச் சேர்த்துட்டேன், பூச்சி எழுதினவர் வேற ஆளு" என்று சொன்னேன். சபையில் சொல்லியாகிவிட்டது என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் நோட்டைத் திறந்தார், நான் வருஷங்களைச் சொல்லச் சொல்லத் தப்பான தலைப்புகளை அடிஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார். அப்புறம் பேனாவை மூடாமல், "சரி தம்பி, இந்தப் பூச்சிக்காரர் எந்த ஊரு? கிரீன்லாந்துக்குப் போனாருன்னு சொன்னீங்களே, அவர் யாரு? மெதுவாச் சொல்லுங்க" என்று புதுப் பக்கம் திருப்பினார்.