சரித்திரச் சேரின் கொப்பிகள்

எங்கள் கல்லூரியில் எண்பதுகளில் படித்தவர்களுக்குச் 'சரித்திரச் சேர்' என்றால் போதும், எங்கள் சரித்திர ஆசிரியரைத் தெரிந்துவிடும். கோயில் மலர்களுக்கும் வாசிகசாலை ஆண்டுமலருக்கும் நிறைய எழுதியவர். ஒன்றிலும் தன் பெயரைப் போடவிட்டதில்லை. ஒரு செய்தி எங்கே கிடைத்தது, மூலம் யார் வீட்டில் இருக்கிறது என்ற விபரம்தான் கட்டுரையின் கீழே வர வேண்டும் என்பார். அவர் விருப்பப்படி இங்கும் பெயரை விட்டுவிடுகிறேன். அவர் செய்த வேலையை மட்டும் யாராவது எழுதிவைக்கத்தான் வேண்டும்.

பாடத்திட்டத்தில் அவர் குறை வைத்ததில்லை. அனுராதபுரம், பொலன்னறுவை, கோட்டை எல்லாம் இரண்டாம் தவணைக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு எங்கள் ஊர் வகுப்புக்குள் வரும். வீட்டில் பழைய காணி உறுதி (காணிப் பத்திரம்) இருந்தால் அப்பாவிடம் கேட்டு, அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்வார். உறுதியைக் கொண்டுவரக் கூடாது. அதில் மட்டும் கண்டிப்பு.

ஒரு உறுதிக்குள் இவ்வளவு இருக்கும் என்று அந்த வகுப்பில்தான் தெரிந்தது. தொடக்கத்திலேயே 'கோயிற்பற்று' என்று வரும். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர், தேவாலயங்களை வைத்துப் பிரித்த பிரிவு அது. 1658இல் அவர்கள் போனார்கள். பிறகு வந்த ஒல்லாந்தர் 1795இல் போனார்கள். உறுதி எழுதும் நொத்தாரிசுமார் மட்டும் கோயிற்பற்றை விடவில்லை. அடுத்தது பரப்பளவு, லாச்சம் கணக்கில். மேட்டு நிலத்துக்கு வரகு லாச்சம், வயலுக்கு நெல் லாச்சம். முன்னது 16 சேர்ந்தால் ஒரு ஏக்கர், பின்னது 12 சேர்ந்தால் ஒரு ஏக்கர். எங்கள் வகுப்பில் வரகு விளைந்ததைக் கண்ட பிள்ளை ஒருவர்கூட இல்லை. எங்கள் பூட்டன்மார் அந்தத் தோட்டத் தறைகளில் என்ன விதைத்தார்கள் என்பதற்குச் சாட்சி அந்த அளவுதான்.

சேருக்கு அதிலும் பெரிய விருப்பம் எல்லைகளில். கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னார் வளவு, மேற்கே மடத்துக் காணி, தெற்கே குளம் என்று எழுதியிருக்கும். ஒருவருடைய வடக்கு எல்லை இன்னொருவருடைய தெற்கு எல்லையாக வரும்படி எங்கள் உறுதிகளை ஒன்றோடொன்று பொருத்தி, கரும்பலகையில் கீறிக்கொண்டே போவார். ஒரு மாதத்தில் எங்கள் குறிச்சி முழுக்கப் பலகையில் வந்துவிட்டது. அதில் ஒரு மடம் இருந்தது, குளம் இருந்தது, அகலமான ஒரு தெரு இருந்தது. மூன்றும் ஊரில் இல்லை. அந்தச் சனிக்கிழமை எல்லோரும் சைக்கிளில் போனோம். பலகையில் தெரு இருந்த இடத்தில் ஈச்சம்பற்றை. அதை விலக்கிக்கொண்டு போனால் சுமைதாங்கி ஒன்று. அதிலிருந்து நாலு எட்டுத் தள்ளி, மாடுகள் உரசி உரசி மழமழவென்று தேய்ந்துபோன ஆவுரோஞ்சிக் கல். தலைச்சுமையோடு ஆட்களும், தண்ணீர் தேடி மாடுகளும் போய்வந்த தெரு அதுதான். சேர் ஒன்றும் பேசவில்லை. கொப்பியை எடுத்து, கல்லின் நீளம் அகலத்தை அளந்து எழுதினார். எங்களையும் அளக்கச் சொன்னார்.

ஊர்ப் பெருமைக்காகச் சரித்திரம் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. யாழ்ப்பாணத்துக் காணி, சீதன வழக்கங்களைச் சொல்லும் சட்டமான தேசவழமையை, ஒல்லாந்தத் திசாவை (மாகாண அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் தொகுத்து எழுதினார். உள்ளூர்ப் பிரமுகர்களான 12 முதலியார்மார் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். இதைப் படிப்பிக்கும்போது, அந்தப் 12 பேருக்கு வெளியே இருந்த ஊரை யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். பெண்ணின் சீதனக் காணிக்கு அதில் எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டுவார். அதே கையோடு, அடிமைகளைப் பற்றிய பகுதியையும் வாசித்துக் காட்டுவார். இலங்கையில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1844இல். அதற்கு முந்திய பத்திரங்களில் மனிதர்கள் காணியோடும் மாட்டோடும் சேர்த்து எழுதப்பட்டிருந்தார்கள். அப்படி ஒரு பத்திரம் பெரிய வீடு ஒன்றில் இருந்தது. அதை வெளியே விட வேண்டாம் என்று வீட்டுக்காரர் கேட்டார்கள். குடும்பப் பெயரை மறைத்து எழுதினார், பத்திரத்தை மறைக்கவில்லை. அது நேர்மையான முடிவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

யாழ்ப்பாணச் சரித்திரம் பற்றிய முதலியார் இராசநாயகத்தின் 1926ஆம் ஆண்டு நூலும், அதோடு பல இடங்களில் முரண்படும் சுவாமி ஞானப்பிரகாசரின் 1928ஆம் ஆண்டு 'யாழ்ப்பாண வைபவ விமர்சன'மும் அவருடைய மேசையில் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு கட்சி பேச விடுவார். அடுத்த கிழமை கட்சி மாற வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு பட்டினசபை மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். சம்பளம் இல்லை. சோலைவரி (வீட்டு வரி) இடாப்புகள், சந்தைக் குத்தகைக் கணக்குகள், கூட்ட அறிக்கைகள் எல்லாம் கட்டுக்கட்டாகக் கறையானோடு கிடந்தன. அவற்றை ஆண்டுவாரியாகப் பிரித்து, நிழலில் காயவைத்து, வேப்பிலை போட்டு அடுக்கினார். ஊரில் ஓலை ஏடு வைத்திருந்தவர்களும் அங்கேதான் கொண்டுவந்தார்கள். எழுத்து மங்கிய ஏட்டில் கோவையிலைச் சாறும் கரியும் சேர்த்துத் தடவி, மெல்லத் துடைப்பார். கீறல்களுக்குள் கருமை இறங்கி, வரி வரியாக எழுத்து எழும்பும். ஆனால் ஏட்டில் புள்ளி இல்லை; ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு சொல்லை மூன்று விதமாக வாசிக்கலாம் என்றால் மூன்றையும் எழுதிவைப்பார். தனக்குப் பிடித்ததை மட்டும் எழுதுவதில்லை.

இந்த வேலைக்கெல்லாம் அடியில் ஒரு விதி இருந்தது. எதுவும் இரண்டு பிரதி, இரண்டு ஊரில். "ஒண்டு இருந்தா இல்லாத மாதிரித்தான் பிள்ளையள்" என்பார். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 புத்தகங்களும் ஏடுகளும் போயின. அந்தத் தீயைப் பார்த்த அதிர்ச்சியில் தமிழறிஞரான கத்தோலிக்கக் குரு தாவீது அடிகள் உயிர் விட்டார். சேர் அடுத்த நாள் சைக்கிளில் போய்ச் சாம்பலைப் பார்த்துவிட்டு வந்தவர். இன்னொரு பிரதி இருந்த புத்தகத்தைத் திரும்ப வாங்கலாம், ஒரே பிரதியாக இருந்த ஏட்டை என்ன செய்வது என்று கேட்பார். மயில்வாகனப் புலவர், யாழ்ப்பாண அரசின் சரித்திரமான யாழ்ப்பாண வைபவமாலையை எழுத ஆதாரமாகக் கொண்ட நூல்களில் கைலாயமாலையும் வையாபாடலும் எங்கள் கையில் இருக்கின்றன. பரராசசேகரன் உலாவும் இராசமுறையும் இல்லை. அந்த இரண்டையும் யாராவது ஒருவர் இன்னொரு தரம் எழுதிவைத்திருந்தால் என்று சொல்லும்போது அவருடைய குரல் மாறிவிடும்.

அதனால் எழுதினார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பத்திரிகை அடிக்கவே தாள் இல்லாமல், கொப்பித் தாளில் பத்திரிகை வந்த காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயும் அளந்துதான். ஜாம் போத்தல் விளக்கில், பழைய மாணவர்கள் கொடுத்த ஒற்றை றூள் கொப்பிகளில், இரண்டு பக்கமும் இடம் விடாமல் இடாப்புகளைப் பிரதி எடுத்தார். வரி கட்டியவர் பெயர், வீட்டு இலக்கம், ஓலைக் கூரையா ஓட்டுக் கூரையா, கட்டிய தொகை. ஒன்றையும் சுருக்கவில்லை. நாங்கள் சிலர் பின்னேரங்களில் போய், அவர் வாசிக்க இரண்டாம் பிரதியை எழுதினோம். அந்தக் கொப்பிகள் வடமராட்சியில் அவருடைய பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்குப் போயின.

யாழ்ப்பாணச் சனம் போருக்குப் பயந்து இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவை இந்த மலரை வாசிக்கிற பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மழைக்குள், செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் அடி அடியாக நகர்ந்த சனத்துக்குள் சேரும் இருந்தார். சைக்கிள் கரியரில், அவர் எழுதிய முதற் பிரதிக் கொப்பிகளோடு பொலித்தீன் சுற்றிய றங்குப்பெட்டி. சமையல் சாமான் முழுக்க அவருடைய மனைவி ரீச்சரின் கையில் இருந்த ஒரு பையில். 1996இல் சனம் திரும்பியபோது பட்டினசபை மாடிக்குக் கூரை இல்லை. மூல இடாப்புகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தென்மராட்சியில் பத்திரமாக வைத்துவிட்டு வந்த றங்குப்பெட்டியும் 2000ஆம் ஆண்டுச் சண்டையில் அந்த வீட்டோடு போனது. மிஞ்சியது வடமராட்சிக் கொப்பிகள். எங்கள் பட்டினத்தின் ஐம்பது ஆண்டு வாழ்க்கை இன்று அந்தக் கொப்பிகளில் மட்டும்தான் இருக்கிறது. குடியிருந்த வீட்டுக்கு உறுதி தொலைத்த குடும்பங்கள் சில, அதிலுள்ள சோலைவரிப் பதிவைக் காட்டித் தங்கள் இருப்பை நிறுவத் தொடங்கின. அப்போது சேர் உயிரோடு இருந்தார். வருகிறவர்களுக்குப் பக்கத்தைத் தேடிக் கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டில் வேறு பழைய கடிதம் ஏதும் இருக்கிறதா என்று கேட்பாராம்.

வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு இதில் வேலை இருக்கிறது. ஒல்லாந்தர் காலக் கடிதங்கள் கொழும்புச் சுவடிக்கூடத்தில் மட்டுமல்ல, ஹேக் நகரத்துச் சுவடிக்கூடத்திலும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் வேலை செய்த அமெரிக்க மிஷனின் கடிதங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938இல் மசாச்சுசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த கதையை சேர் சொல்லும்போது, அந்தத் துறைமுகத்துப் பத்திரிகையையும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்பார். அந்த ஊர்களில் எங்கள் பிள்ளைகள் இன்று வேலை செய்கிறார்கள்.

அப்புறம், ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் கொடுக்கும் கல்வெட்டுகள், அதாவது அவர் நினைவாக அச்சடிக்கும் சிறு புத்தகங்கள். இங்கு வந்தவர்களின் சூட்கேசுகளில் அம்மம்மாவின் கல்வெட்டு, பெரியப்பாவின் கல்வெட்டு என்று ஒன்றாவது இருக்கும். அதிலுள்ள வம்சாவளியும், பிறந்த ஊர், புகுந்த ஊர், மலாயாவில் பார்த்த உத்தியோகம் எல்லாமும் வேறெங்கும் பதிவாகாத செய்திகள். தயவுசெய்து பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புங்கள். 2005 முதல் நூலகம் இணையத்தளம் செய்துவருவது சேர் கேட்ட அதே வேலையைத்தான், அங்கும் கொடுக்கலாம்.

வடமராட்சிக் கொப்பிகளை இப்போது ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்கிறோம். சந்தைக் குத்தகைக் கணக்கில் இரண்டாவது கொப்பியைக் காணவில்லை. பச்சை மட்டை, முதுகில் வெள்ளைத் துணி ஒட்டியது, முதல் பக்கத்தில் சேரின் சாய்ந்த எழுத்து. தொண்ணூறுகளின் நடுவில் பல்கலைக்கழகக் கட்டுரைக்காக எங்கள் மாணவர் ஒருவர் இரவல் வாங்கினார் என்று கொப்பிகளின் பட்டியலில் குறித்திருக்கிறது; யார் என்று எழுதவில்லை. அவர் கனடாவிலோ லண்டனிலோ இதை வாசிக்கக்கூடும். கொப்பியைத் திருப்பித் தர வேண்டும் என்றில்லை. பக்கங்களின் படம் வந்தால் போதும், மூலம் அவரிடமே இருக்கட்டும்.