இரவில் ஓடி மத்தியானத்தில் விழும் ஓவர்குளொக்

ஓவர்குளொக் செய்த கணினி, அதாவது தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் கணினி, அடிக்கடி விழுகிறதென்றால் (தானாக நின்றோ அணைந்தோ போகிறதென்றால்), உடனே பயோஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) போய் மின்னழுத்தத்தைக் கூட்டாதீர்கள். அது எப்படி விழுகிறது என்று முதலில் பாருங்கள்.

நீலத்திரை வராமல், கரண்ட் போனதுபோல் பட்டென்று அணைந்தால் பவர் சப்ளையையும் வீட்டு மின்சாரத்தையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வன்னியில் நீண்ட மின்கம்பியின் கடைசியில் இருக்கும் வீடுகள் அதிகம். பக்கத்தில் அரிசி ஆலையோ தோட்டத்துத் தண்ணீர் மோட்டரோ தொடங்கினால் 230 வோல்ற் சட்டென்று சரியும். மல்ரிமீற்றரைப் பிளக்கில் வைத்துக்கொண்டு, கணினியை முழுச்சுமையில் ஓடவிட்டுப் பாருங்கள். பவர் சப்ளையின் லேபிளில் 100–240 வோல்ற் என்று இருந்தால் அந்தச் சரிவைப் பெரும்பாலும் தாங்கும். 200–240 என்று மட்டும் இருந்தால் நம்ப முடியாது. யுபிஎஸ் பற்றரிக்கு மாறும் கணத்தில் மட்டும் அணைகிறதா? 650 விஏ யுபிஎஸ் தருவது பெரும்பாலும் 400 வாற்றுக்கும் குறைவு. ஓவர்குளொக் செய்த புரொசெசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து இழுத்தால் அது போதாது.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் (நிகழ்வுப் பதிவேட்டில்) கேர்னல்-பவர் 41 என்ற பதிவு இருப்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கணினி முறையாக மூடப்படவில்லை என்பதைத் தவிர அது பெரும்பாலும் எதையும் சொல்லாது. தேட வேண்டியது வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் வீயா-லொகர் (WHEA-Logger) பதிவுகளை. 19 என்றால் பிழை திருத்தப்பட்டுவிட்டது, ஆனால் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். 18 என்றால் எல்லையைத் தாண்டியாயிற்று.

அடுத்து, பயோஸை டிஃபோல்ட்டுக்குக் கொண்டுபோங்கள். அப்போதும் விழுந்தால் குற்றம் ஓவர்குளொக்கில் இல்லை. விழாவிட்டால் எக்ஸ்எம்பியை (ராமை வேகமாக ஓட்டும் பயோஸ் அமைப்பை) மட்டும் போடுங்கள். பலர் மறப்பது இதைத்தான்: எக்ஸ்எம்பியும் ஓர் ஓவர்குளொக். டிடிஆர்4 ராமை 1.2 வோல்ற்றிலிருந்து வழக்கமாக 1.35க்கு ஏற்றி, மெமரி கொன்ட்ரோலரையும் விரட்டுகிறது. நான்கு ராம் குச்சிகள் இருந்தால் சுமை இன்னும் கூடும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ நான்கு சுற்று ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை வந்தாலும் வேகத்தை ஒரு படி இறக்க வேண்டும். "ஒன்றுதானே" என்று விட்டால் அது உங்கள் படங்களையும் கோப்புகளையும் சத்தமில்லாமல் கெடுக்கும்.

ராம் தேறிய பிறகுதான் புரொசெசர். புரொசெசருக்கு முழுச்சுமை கொடுக்கும் பிரைம்95இல் ஸ்மோல் எஃப்எஃப்டி சோதனையை ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பநிலையைக் கவனியுங்கள். வெப்பம் எல்லைக்குள் இருந்தும் ஒரு வேர்க்கர் (பிரைம்95 ஓட்டும் சோதனை வேலைகளில் ஒன்று) பிழை காட்டி நின்றால் 0.01 அல்லது 0.02 வோல்ற் கூட்டிப் பார்க்கலாம். வெப்பம் ஏற்கெனவே எல்லையைத் தொடுகிறதென்றால் மல்டிபிளையரை (புரொசெசர் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியை) ஒன்று குறையுங்கள், 100 மெகாஹேர்ட்ஸ் போனால் போகட்டும். வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 1.25 வோல்ற்றை 1.35 ஆக்கினால், அதே வேகத்தில் சுமார் 17 சதவீதம் கூடுதல் சூடு. சூடு ஏறிய சில்லு அதே வேகத்துக்கு இன்னும் மின்னழுத்தம் கேட்கும். இந்தச் சுழலுக்குள் போய்விட்டால் மின்னழுத்தம் கூட்டக் கூட்ட நிலைமை மோசமாகும். சுமையில் மின்னழுத்தம் சரிவதை ஈடுசெய்யும் லோட்லைன் கலிப்ரேஷனை நடுப்படியில் வையுங்கள். உச்சப்படியில் வைத்தால் சுமை விலகும் கணத்தில் மின்னழுத்தம் துள்ளி எழும்.

ஏஎம்டியின் ரைசன் புரொசெசரில் கேர்வ் ஒப்டிமைசரை (கோர்களின் மின்னழுத்தத்தை மாற்றும் அமைப்பை) கீழே இறக்கியவர்களுக்கு வேறொரு சிக்கல்: முழுச்சுமையில் நன்றாக ஓடும், சும்மா இருக்கையில் விழும். சுமை குறைவான நேரத்தில்தான் ஒற்றைக் கோர் (புரொசெசருக்குள் இருக்கும் தனிக் கணிப்பு அலகு) உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. பிரைம்95ஐ எல்லாக் கோரிலும் ஒன்றாக ஓட்டினால் இது பிடிபடாது. கோர்சைக்கிளர் என்ற மென்பொருள் ஒவ்வொரு கோராகச் சோதிக்கும். பிழை தரும் கோருக்கு மட்டும் கேர்வ் ஒப்டிமைசரில் மைனஸ் 30ஐ மைனஸ் 25 ஆக்கினால் பலவேளை போதும்.

எந்தச் சோதனையையும் மத்தியானம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் செய்யுங்கள். ஏசி இல்லாத, தகரமோ சீற்றோ போட்ட அறையில் இரவு 26 பாகை என்றால் ஆவணி மத்தியானம் 36ஐத் தொடும். அந்த 10 பாகையும் ஏறக்குறைய அப்படியே கோரின் வெப்பத்தில் ஏறும். இரவில் 88இல் தேறியது பகலில் 98இல் நிற்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிரவல் புழுதி ஹீட்சிங்கின் இடுக்குகளை அடைத்துவிடும். சோதனைக்கு முன் புளோவரால் ஊதுங்கள், ஊதும்போது மின்விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் தேறியும் நீலத்திரை தொடர்ந்தால், முந்தைய விழுகைகளில் விண்டோஸ் கோப்புகளே கெட்டிருக்கலாம். நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் புரொம்டைத் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளையைக் கொடுங்கள்.