திரையில் படம் விழ 11 நாள்: என் பி.எட். கற்பித்தல் பயிற்சி அனுபவம்

போன வாரம் வழிகாட்டி ஆசிரியர் என் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தொழில்நுட்பத் துணையோடு நடத்த வேண்டும் என்று கல்லூரி கேட்டிருந்த ஒரே ஒரு பாடத்துக்கான கையெழுத்து அது. 45 நிமிடப் பாடத்துக்கு முழுதாக 11 நாள் பிடித்தது. மனம் இன்னும் ஆறவில்லை. அடுத்து பயிற்சிக்குப் போகிறவர்கள் இப்படி அலையக் கூடாது என்பதற்காகச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டு, 16 வாரப் பள்ளிப் பயிற்சி. வீடு சென்னை கொருக்குப்பேட்டை, ஒதுக்கப்பட்ட அரசுப் பள்ளி திருவொற்றியூர்ப் பக்கம். அனுமதிக் கடிதம் ஒரே நாளில் கிடைத்துவிட்டது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மின்சுற்று நடத்துவதாக முடிவு செய்தேன். கல்லூரியில் ஸ்லைடு தயாரிக்க நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அங்கே கணினியும் புரொஜெக்டரும் எப்போதும் இணைத்தபடியே இருக்கும். பட்டனை அழுத்தினால் படம் விழும். அந்த இணைப்பை நாங்கள் ஒருவரும் கையால் செய்து பார்த்ததில்லை. பின்னால் பட்ட அத்தனை பாடும் அங்கேதான் தொடங்கியது.

முதல் நாள் திங்கட்கிழமை. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் பாடம் நடத்தலாம் என்று போனால், அங்கே இணையவழித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அந்த மாதம் முழுக்க அப்படித்தான் என்றார்கள். "வகுப்பறையிலேயே நடத்தும்மா, பீரோவில் ஒரு புரொஜெக்டர் இருக்கிறது" என்றார் தலைமையாசிரியை. பீரோ சாவி ஓர் ஆசிரியரிடம். அவர் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார். அன்றைய நாள் அப்படியே போனது. பயிற்சிக்குப் போன முதல் வாரத்திலேயே எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் இல்லாவிட்டால் யாரிடம் இருக்கும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாடக்குறிப்பு எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது.

செவ்வாய்க்கிழமை பீரோ திறந்தது. முன்னாள் மாணவர்கள் வாங்கிக் கொடுத்த புரொஜெக்டர், நல்ல நிலையில் இருந்தது. ஆனால் கணினியிலிருந்து படத்தை வாங்க அதில் இருந்தது பழைய வகையான வி.ஜி.ஏ. துளை மட்டுமே. தோழியிடம் இரவல் வாங்கிப் போன மடிக்கணினியிலோ புதிய வகையான எச்.டி.எம்.ஐ. மட்டும்தான். சாயங்காலம் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் பர்மா பஜார் பக்கம் போய், ஒரு கடையில் விவரம் சொல்லிக் கேட்டேன். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ., மறுமுனையில் வி.ஜி.ஏ. என்று ஒரு கேபிளை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு முனையும் சரியாக இருந்ததால் வாங்கிவிட்டேன். புதன்கிழமை மாட்டினால் நீலத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று மட்டுமே வந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், பிரித்த பொருளை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இயற்பியல் படித்த எனக்கு இது அப்போதே உறைத்திருக்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. வழியாகப் போவது இலக்கமுறை (டிஜிட்டல்) குறிப்பலை, வி.ஜி.ஏ. கேட்பதோ தொடர்முறை (அனலாக்) குறிப்பலை. ஒன்றை மற்றொன்றாக மாற்ற நடுவில் ஒரு சில்லு வேலை செய்தாக வேண்டும். இரண்டு முனையிலும் வெவ்வேறு தலை வைத்த வெறும் கம்பியால் அது முடியாது. கடையில் 'கேபிள்' என்று கேட்காதீர்கள், 'கன்வெர்ட்டர்' என்று கேளுங்கள். அதிலும் ஒலிக்குத் தனித் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் வி.ஜி.ஏ. வழியாகப் படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது. வியாழக்கிழமை பள்ளி விட்டதும் தேரடியில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவுக்கு நடந்தேன். அங்கே ஒரு கடைக்காரர் தன் கடைத் திரையிலேயே மாட்டிக் காட்டிவிட்டுத்தான் பணம் வாங்கினார். 350 ரூபாய். முதலிலேயே அங்கே போயிருந்தால் ஒரு கேபிள் காசும் இரண்டு சாயங்காலங்களும் மிஞ்சியிருக்கும்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது, ஆனால் எல்லாம் மஞ்சளாக. வெள்ளைப் பின்னணி மாம்பழ நிறத்தில் தெரிந்தது. புரொஜெக்டரே பழுது என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் சொல்லிவிட்டார். நான் கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்று வரிசையாக இருக்கும் ஊசிகளில் மேல்வரிசையின் மூன்றாவது வளைந்து படுத்திருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று அந்த வரிசையின் முதல் மூன்று ஊசிகளும் ஆளுக்கொரு நிறத்தைச் சுமப்பவை. நீலம் போய்ச் சேராவிட்டால் வெள்ளை மஞ்சளாகத்தான் தெரியும். ரீஃபில் எடுத்த பேனாக் குழாயை அந்த ஊசியில் செருகி, பொறுமையாக நிமிர்த்தினேன். மறுபடி மாட்டியதும் திரை வெளுத்தது. அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான். பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்தச் சந்தோஷம் அடுத்த நிமிடமே போய்விட்டது. தோழிக்கு மடிக்கணினியைத் திருப்பித் தர வேண்டியிருந்ததால் ஸ்லைடுகளைப் பென் டிரைவில் போட்டு, அலுவலகக் கணினியில் திறந்து பார்த்தேன். ஓர் எழுத்துகூடத் தமிழில் இல்லை. 'தமிழ்' என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. கல்லூரி வாசலில் உள்ள தட்டச்சுக் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பாமினி இல்லாத கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். யூனிகோடில் அடித்தால் எந்தக் கணினியிலும் எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஆசிரியர் பயிற்சிக்கான ரெக்கார்டுகள் தட்டச்சுக் கடைகளில் பாமினியில் அடிக்கப்படுவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. நாளைக்கு ஆசிரியராகப் போகிற ஒருவர் தன் மொழியைத் தானே தட்டச்சு செய்யத் தெரியாமல் கடைக்காரரை நம்பி நிற்கலாமா?

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதற்கே சரியாகப் போயின. என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருள் பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஆங்கிலத்தில் இருக்க வேண்டிய எழுத்துகளையும் அது பாமினி என்று எண்ணித் தமிழாக்கிவிடும். ஓம் விதியின் 'வி = ஐ ஆர்' என்ற சமன்பாடு எனக்கு 'ஏ = ஐசு' என்று வந்து நின்றது. 14 ஸ்லைடுகளில் எட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதி ஆறையும் தமிழ்99 விசைப்பலகையில் நானே அடித்தேன். எண்ணிக்கை குறைந்தது பாடத்துக்கு நல்லதாகவே அமைந்தது. எழுத்தின் அளவை 40-க்குக் கீழே குறைக்கவில்லை. கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால் 24-கூடப் பெரிதாகத்தான் தெரியும். கடைசி பெஞ்சில் போய் நின்று பாருங்கள்.

திங்கட்கிழமை இணையம் கைவிட்டது. பாடநூலில் உள்ள விரைவுக் குறியீட்டை (கியூ.ஆர். கோடு) கைப்பேசியில் காட்டினேன். திக்‌ஷா என்ற அரசின் கல்விச் செயலி திறந்தது, காணொலியும் வந்தது, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கனத்த சுவர்களுக்குள் கைப்பேசி சமிக்ஞை ஒரு கோட்டுக்கு மேல் ஏறவில்லை. 42 பிள்ளைகள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகைக்குத் திரும்பி வேறு பாடத்தை நடத்திவிட்டு வந்தேன். திக்‌ஷாவில் பாடப்பொருளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. முந்தின இரவே வீட்டில் அதைச் செய்துவிட வேண்டும். அதைவிடவும் எனக்கு உதவியது ஃபெட் என்ற இலவச உருவகச் செயலிகள், அதாவது சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவுபவை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பல செயலிகளுக்குத் தமிழாக்கமும் உண்டு. மின்சுற்றுக்கான செயலியை ஒரே கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால், இணையமே இல்லாமல் உலாவியில் ஓடும்.

செவ்வாய்க்கிழமை காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை பராமரிப்புக்காக மின்தடை. முந்தின நாள் நாளிதழிலேயே அறிவிப்பு வந்திருந்தது. பார்க்காமல் விட்டது என் தவறு. புதன்கிழமை எல்லாம் தயார். முதல் பீரியட், கிழக்குப் பார்த்த ஜன்னல்கள், திரைச்சீலை கிடையாது. வெயில் நேரே சுவரில் விழுந்ததில் படம் இருந்த இடமே தெரியவில்லை. சார்ட் பேப்பர் ஒட்டிப் பார்த்தேன், கடற்காற்றில் பிய்த்துக்கொண்டு போனது.

அன்று மாலை மூன்று வேலை செய்தேன். கணக்கு ஆசிரியையிடம் கெஞ்சி என் பீரியடை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். தோழியின் மடிக்கணினி திரும்பிப் போக வேண்டும், அலுவலகக் கணினியைத் தூக்க முடியாது என்பதால், அண்ணனுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினியைப் பரணிலிருந்து இறக்கினேன். பேட்டரி போய்விட்டது, மின்சாரத்தில் நேரடியாக ஓடும். அதன் பக்கவாட்டில் வி.ஜி.ஏ. துளை இருந்தது! அத்தனை நாளும் அது எங்கள் வீட்டுப் பரணிலேயேதான் கிடந்திருக்கிறது. மூன்றாவதாக, அப்பாவின் வெள்ளை வேட்டியைத் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டேன். காரை பெயர்ந்த சுவரைவிட அது எவ்வளவோ மேல்.

வியாழக்கிழமை, 11-ஆவது நாள். வேட்டியை ஜன்னல் பக்கச் சுவரில், வெளிச்சம் நேரே படாதபடி இரண்டு ஆணிக்கு நடுவே கட்டினோம். கரை தெரியாமல் மடித்தும் கீழே ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை நின்றுவிட்டது. எக்ஸ்டென்ஷன் பெட்டி ஐந்து மீட்டர் நீளமாவது இருக்கட்டும். நான் வீட்டிலிருந்தே கொண்டு போயிருந்தேன். இணைத்தும் படம் வரவில்லை என்றால் பதற வேண்டாம். விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு பி விசையைத் தட்டி, இரண்டு திரையிலும் ஒரே படம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். படம் விழுந்தது.

கம்பிக்குள் நீலப் புள்ளிகளாக எலக்ட்ரான்கள் நகர ஆரம்பித்ததும் வகுப்பு அடங்கிப்போனது. தொடர் இணைப்பில் இரண்டு பல்புகளை வைத்து, "ஒன்றைக் கழற்றினால் என்ன ஆகும்?" என்றேன். பாதிப் பேர் மற்றொன்று எரியும் என்றார்கள். கழற்றிக் காட்டினேன், புள்ளிகள் நின்றன, இரண்டும் அணைந்தன. அதையே பக்க இணைப்பாக மாற்றியபோது ஒன்று அணைந்தும் மற்றொன்று எரிந்தது. இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "மிஸ், கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற சீரியல் லைட்டில் ஒரு பல்பு போனால் கொஞ்ச தூரம் மட்டும்தானே அணைகிறது? முழுசும் ஏன் அணைவதில்லை?" என்று கேட்டாள். சட்டென்று விடை சொல்ல வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்று இரவு வீட்டில் பழுதாகிக் கிடந்த ஒரு சீரியல் செட்டை எடுத்து, கம்பி போகும் வழியை விரலால் தொடர்ந்து பார்த்தேன். பல்புகளைச் சிறுசிறு கூட்டமாகத் தொடர் இணைப்பில் கோத்து, அந்தக் கூட்டங்களைப் பக்க இணைப்பில் சேர்த்திருக்கிறார்கள். மறுநாள் அந்தச் செட்டையே பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்தனுப்பினேன். எந்தப் பல்பு எந்தக் கூட்டம் என்று அவர்களே எண்ணிச் சொன்னார்கள். அதற்குப் புரொஜெக்டர் தேவைப்படவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், கல்லூரியில் ரெக்கார்டு வாங்குபவர் அதில் ஒட்டியிருந்த வகுப்பின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். மாணவர்களின் முகம் தெரிய வேண்டுமாம். தலைமையாசிரியையோ பிள்ளைகள் முகம் தெரிகிற படம் எடுக்கவே கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் சொன்னதுதான் நியாயம். நான் எடுத்த படத்தில் வேட்டித் திரையும் வரிசையாகப் பின்னல்களும் பிடரிகளும் மட்டுமே இருந்தன. இரண்டு முறை நடந்தேன், அதே பதில். மூன்றாவது முறை, பாடம் நடந்தது என்று தேதியும் வகுப்பும் பாடத்தலைப்பும் குறித்து, முத்திரையோடு தலைமையாசிரியை கொடுத்த கடிதத்தைக் கொண்டுபோய் நேராக முதல்வரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "இது போதும், முகம் வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். உங்களிடமும் முகம் கேட்டால் வாக்குவாதம் செய்யாமல் எடுத்துக் காட்ட, இப்படி ஒரு கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

350 ரூபாய் கன்வெர்ட்டரைப் பள்ளி பீரோவிலேயே வைத்துவிட்டு வந்தேன். பீரோக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: எந்தக் கேபிள் எதில் மாட்டும், ஒலி எங்கிருந்து எடுப்பது, எந்த வகுப்பறையில் எந்த நேரம் வெயில் விழாது என்று. கீழே 'சாவி யாரிடம்' என்று எழுதி மூன்று கோடு விட்டிருந்தேன். கிளம்பும்போது பார்த்தேன், தலைமையாசிரியை மூன்றையும் நிரப்பியிருந்தார்.