வெளுத்த பவளத்துக்கு வெளிச்சம் குறைய வேண்டும்

மீன்தொட்டிக் கடையில் ஓரமாகக் கிடந்த டிராக்கிஃபில்லியா என்ற கடல் பவளத்தைப் பார்த்த பிறகு விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. சிவப்பாக இருக்க வேண்டிய சதை முழுக்க வெளுத்திருந்தது, விளிம்பில் எலும்புக்கூடு துருத்திக்கொண்டிருந்தது. சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் பவளத்துக்குப் பெரும்பகுதி உணவைத் தருகிறது. அது வெளியேறிவிட்டால் பவளம் பட்டினிதான். உடனே செத்துவிடாது, ஆனால் நாள் கடத்தக் கூடாது.

பலர் இந்த நிலையில் விளக்கைக் கூட்டுகிறார்கள். அது பவளத்தை இன்னும் வதைக்கும். நான் அதை என் கடல்நீர்த் தொட்டியின் அடி மணலில், நிழலான மூலையில் வைத்தேன். சிங்கப்பூர் வெக்கைக்குச் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. தண்ணீரை 26 டிகிரியிலேயே நிறுத்தினேன். உப்பும் காரத்தன்மையும் ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் சாப்பாடு. விளக்கு அணைந்து சற்று நேரமானதும், வாயைச் சுற்றிக் கண்ணாடி நிறத்தில் மெல்லிய உணர்கொம்புகள் நீளும். அப்போது தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்திவிட்டு, உறைநீக்கிய மைசிஸ் என்ற குட்டி இறாலைச் சிரிஞ்சில் ஒவ்வொன்றாக விடுவேன். பட்டதும் ஒட்டிக்கொள்ளும், வாய் மெல்லத் திறக்கும். தொட்டியில் இருக்கும் துப்புரவு இறால் வந்து பிடுங்கிவிடும் என்பதால், பாதியாக வெட்டிய பாட்டிலைக் கவிழ்த்து மூடிவைப்பேன்.

சில வாரங்களில் வாயருகே இளம் பழுப்பு தெரிந்தது. பாசி திரும்புகிறது! சிவப்பு இன்னும் வரவில்லை. ஆனால் எலும்பு தெரிந்த விளிம்பைச் சதை மூடிக்கொண்டு வருகிறது. இனி விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.