தெப்பக்குளத்தில் இரண்டு சுற்று

நாற்பது வருஷம் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவள் நான். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பேன். மிச்ச நேரமெல்லாம் அடுப்படிக்கும் கொல்லைக்கும் மாடிக்குமாக ஓட்டம். அதனால், சுகருக்கு நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் நான் நடக்காத நடையா?

அவர் சிரித்துவிட்டு, "அதில் உடம்பு அசையும்மா, மூச்சு வாங்காது" என்றார். வாரத்துக்கு 150 நிமிடம், சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் விடக் கூடாது என்று கணக்கும் கொடுத்தார். எவ்வளவு வேகம் என்று கேட்டேன். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவாம்.

மறுநாளே மதினியைக் கூட்டிக்கொண்டு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போனேன். மதினிக்கு 66 வயது, எனக்கு 63. இரண்டு பேருக்கும் சுகர். திருமலை நாயக்கர் மகாலுக்கு மண் எடுத்த பள்ளம் என்பார்கள்; ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே வரும். முதல் நாள் அதற்கு 23 நிமிடம் ஆனது. மதினி வழி நெடுக மாரியம்மன் தாலாட்டு பாடிக்கொண்டே வந்தார். மைய மண்டபத்தைப் பார்த்தபடி நானும் கூடவே முணுமுணுத்தேன். பாதிச் சுற்றில்தான் உறைத்தது: இரண்டு பேரும் பரீட்சையில் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

மாதம் தவறாமல் பௌர்ணமிக்குத் திருப்பரங்குன்றம் கிரிவலம் போகிறோமே, அது போதாதா என்று மதினி கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் விஷயம் வேறு. நடக்கிறபோது தொடையும் கெண்டைக்காலும் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இன்சுலினுக்குக் காத்திருக்காமல் தாமே இழுத்துக்கொள்கின்றன. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள், இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. அப்புறம் அந்தப் பலன் தேய்ந்துவிடும். மாத்திரை மாதிரிதான், நேற்றுப் போட்டது இன்றைக்கு உதவாது. கிரிவலம் முருகன் கணக்கில் சேரும், சுகர் கணக்கில் சேராது. சித்திரைத் திருவிழாவுக்கு மேலூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து தங்கினார்கள். பத்து நாள் நடை இல்லை. வெறும் வயிற்றில் 168 காட்டியது. பானகத்துக்கும் அதில் பங்கு உண்டு, மறைப்பானேன்.

ஒரு நாள் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். காப்பி கூடக் குடிக்காமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வந்து இட்லி சாப்பிடலாம் என்று நினைப்பு. இரண்டாவது சுற்றில் கை நடுங்கியது. வியர்வை சேலையை நனைத்துவிட்டது, கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. மதினி என்னை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, "ஒரு டீ போடுப்பா, சீக்கிரம்" என்றார். கடைக்காரத் தம்பிக்கு எங்கள் வழக்கம் தெரியும். பாவம், அக்கறையாகச் சீனி இல்லாத டீயை ஆற்றி நீட்டினார். "சீனி போடுப்பா! மூணு ஸ்பூன்!" என்று மதினி போட்ட சத்தத்தில் குளத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் தெளிந்தேன்.

நான் சாப்பிடும் கிளிமிபிரைடு, கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது அபூர்வம். டாக்டரிடம் சொல்லி மாத்திரை நேரத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது இடுப்புச் சுருக்குப் பையில் சீனிப் பொட்டலம் இல்லாமல் தெருவில் இறங்குவதில்லை.

அடுத்து, செருப்பு. போன பங்குனியில் ஒரு கோயில் பிரகாரத்தில் மத்தியான வெயிலில் மற்றவர்கள் எல்லாம் துள்ளித் துள்ளி ஓட, நான் சாவகாசமாக நடந்து வந்தேன். எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது. வீட்டில் மருமகள்தான் பார்த்தாள், உள்ளங்காலில் கொப்புளம். கால் நரம்பு மழுங்கிப்போனது அன்றைக்குத்தான் தெரிந்தது. புண் ஆற ஐந்து வாரம். சேலைக்குக் கீழே ஷூவா என்று ஆரம்பத்தில் கூச்சப்பட்டேன். இப்போது வெள்ளை சாக்ஸோடு போட்டுக்கொள்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். போடும் முன் ஷூவை ஒரு தட்டு, வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் ஒரு பார்வை.

இப்போது ஒரு சுற்று 15 நிமிடம். வாரத்தில் ஐந்து நாள், தினம் இரண்டு சுற்று. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடியில் பத்து நிமிடம் தனி. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c 8.4ல் இருந்து 7.3க்கு வந்திருக்கிறது. இரண்டு இட்லி குறைந்ததும் சேர்த்துத்தான். மதினி தாலாட்டை விடவில்லை, ஆனால் இரண்டாவது அடியிலேயே மூச்சு முட்டி நிறுத்திவிடுகிறார்.

டீக்கடைத் தம்பி மட்டும் இன்னும் தினமும் கேட்கிறார்: "அக்கா, இன்னைக்குச் சீனியா, சும்மாவா?"